என் கையெழுத்துக்கு

அன்புள்ள கையெழுத்தே,

திருவேற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இத்தனை வருடமாக நீ எனக்காக எத்தனையோ தாள்களில் போய் நின்றிருக்கிறாய். ரேஷன் அட்டை விண்ணப்பம், பேங்க் பாரம், மகளின் ரேங்க் கார்டு, கோலடி பக்கம் வாங்கிய மனையின் பத்திரம். அங்கெல்லாம் உன் வேலை ஒரு நொடியில் முடிந்தது. என் கழுத்தில் ஒரு எலும்பு ரத்தக்குழாயை நசுக்குகிறது என்று தெரிந்த பிறகுதான் உன் முழு உயரமும் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கன், ஊசி, ஸ்ட்ரெச்சர், பில் எல்லாம் நம்மைக் கேட்காமலே நகர்ந்துகொண்டிருக்கும். எல்லாரும் நின்று நமக்காகக் காத்திருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: ஒப்புதல் படிவத்தின் கடைசியில் உனக்காக விட்டிருக்கும் காலிக் கோடு. நீ அந்தக் கோட்டில் இறங்குவதற்கு முன்னால் கிடைத்த நேரத்தில்தான் என் சிகிச்சையை நான் தேர்ந்தெடுத்தேன். அந்த நேரத்தைத் தந்தது நீ. அதற்காகத்தான் இந்த மடல்.

கையெழுத்தே, உனக்கு நான் பட்ட முதல் கடன், என்ன நோய் என்று புரிந்துகொள்ள நீ வாங்கித் தந்த அவகாசம். வலது காதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. புஸ், புஸ் என்று, நாடித் துடிப்போடு சேர்ந்து. நடமாடும்போது மெலிதாக இருக்கும்; தலையணையில் சாய்ந்ததும் காதுக்குள் யாரோ துருத்தி ஊதுவதுபோல் பெரிதாகிவிடும். வண்டி ஓட்டும்போது வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் தலைக்குள் பாரம் ஏறும். தாடைக்குக் கீழே கழுத்தில் விரலால் லேசாக அழுத்தினால் சத்தம் நிற்கும். விரலை எடுத்தால் திரும்ப வரும். காது டாக்டர் அதைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இது காதுல இல்லம்மா, ரத்தக்குழாய்ல இருக்கலாம்” என்றார். ரத்தசோகையும் தைராய்டும்கூட இதே சத்தத்தைக் கொண்டுவரும் என்று அந்தச் சோதனைகளை முதலில் முடித்துக்கொண்டு, பிறகே தலைக்கும் கழுத்துக்கும் சி.டி. வீனோகிராம் எழுதிக் கொடுத்தார். நிதானமான மனிதர். அந்த நிதானத்தை அவரிடமிருந்துதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்தே, நீ காத்திருந்ததால் நான் படித்தேன். மூளைக்குப் போன ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய வழி, கழுத்தின் இரண்டு பக்கமும் இறங்கும் ஜுகுலர் சிரை. பெரும்பாலானவர்களுக்கு வலப்பக்கச் சிரையே பெரியது. படுத்திருக்கும்போது ரத்தம் முக்கியமாக இதன் வழியே இறங்குகிறது; எழுந்து நின்றால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிறு சிரைகள் பெரும் பங்கை ஏற்றுக்கொள்கின்றன. படுத்தால் ஏன் சத்தம் கூடியது என்பதற்குப் பதில் அங்கே இருந்தது. மண்டையோட்டை விட்டு வெளியே வந்த கொஞ்ச தூரத்திலேயே அந்தச் சிரை ஒரு குறுகலான இடத்தைக் கடக்கிறது. முன்னால், காதுக்கடியிலிருந்து இறங்கும் ஸ்டைலாய்டு என்ற மெல்லிய எலும்பு. பின்னால், கழுத்தின் முதல் எலும்பான அட்லஸின் பக்கவாட்டு முனை. ஸ்டைலாய்டு சாதாரணமாக இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது நீண்டு வளர்ந்தாலோ சாய்ந்து இறங்கினாலோ, இரண்டு எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிரை நசுங்குகிறது.

கையெழுத்தே, இந்த நோயின் வரலாறு எவ்வளவு சிறியது என்று பார்த்தபோதுதான் உன் வேலை எவ்வளவு பெரியது என்று புரிந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த வாட் ஈகிள், நீண்ட ஸ்டைலாய்டு தரும் தொல்லைகளைப் பற்றி 1937-இல் எழுதினார்; அவர் பெயராலேயே அது ஈகிள் சிண்ட்ரோம் ஆயிற்று. அவர் எழுதியது தொண்டை வலியையும் கரோடிட் தமனியையும் பற்றி. அந்த எலும்பு ஜுகுலர் சிரையை நசுக்குவதைத் தனி நோயாகப் பெயரிட்டு ஷெர்வின் டாஷ்டியும் சக மருத்துவர்களும் கட்டுரை எழுதியது 2012-இல்தான். ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இதற்கு இல்லை. அங்கங்கே சில மருத்துவர்கள் தாங்கள் பார்த்த சில நோயாளிகளை வைத்து எழுதியவைதான் இருக்கின்றன. இதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு: எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் ஸ்கேனில் இந்தச் சிரை ஒடுங்கித் தெரிகிறது. ஆகவே இரண்டு நல்ல டாக்டர்கள் ஒரே ஃபிலிமைப் பார்த்து இரண்டு வழி சொல்லலாம். இரண்டு பேரும் நேர்மையாகவே சொல்லலாம். இப்படிப்பட்ட நோயில், “டாக்டருக்குத் தெரியாததா” என்று நோயாளி ஒதுங்கி உட்கார முடியாது. எந்தத் தொந்தரவு எனக்குப் பெரிது, எந்த ஆபத்தை நான் தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன் என்பது ஃபிலிமில் பதியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்தே, அன்றைக்கு நீ வராமல் நின்றாயே, அதை மறக்கமாட்டேன். அது ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். “சிரைக்குள்ள ஒரு ஸ்டென்ட் வெச்சுடலாம், நாளைக்கே லிஸ்ட்ல போட்டுடறேன்” என்று என் கணவரிடம் சொன்னார். ஃபைல் கணவர் கையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வந்து, படிவத்தை அவர் பக்கம் திருப்பி, “சார், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு” என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். நான் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன், முழு நினைவோடு. என் கணவர் பேனாவை வாங்கியது அக்கறையால்தான். ஆஸ்பத்திரி என்றால் ஆண்பிள்ளை முன்னால் நிற்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். “என்னங்க, அது நான் போட வேண்டியது” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. “சிஸ்டர், தமிழ்ல இருக்கா?” என்று கேட்டேன். இருந்தது, வேறு அறையிலிருந்து எடுத்து வந்தார்கள். படித்தேன். சிகிச்சையின் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. ஆபத்துகள் எனக்கு விளக்கப்பட்டன என்ற வரி மட்டும் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. “டாக்டர் வந்து சொல்லட்டும், அப்புறம் போடறேன்” என்றேன்.

கையெழுத்தே, டாக்டர் திரும்பி வந்ததற்குக் காரணம் நீதான். எனக்காக வந்திருக்க மாட்டார். அவருக்கு அன்று நேரமில்லை. நீ இல்லாமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது என்பதால் வந்தார். என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது. “சார், எலும்பு வெளியில இருந்து நசுக்குது. அதை அப்படியே விட்டுட்டு உள்ளே ஸ்டென்ட் வெச்சா, அது தாங்குமா?” அவர் கோபப்படவில்லை, சற்று யோசித்தார். எலும்பை எடுக்காமல் வைத்தால் சில சமயம் ஸ்டென்ட் வளைந்துபோவது உண்டு, மீண்டும் அடைபடுவதும் உண்டு, வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஒருமுறை வைத்ததை எளிதில் வெளியே எடுக்க முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எலும்பை எடுக்கும் அறுவை சிகிச்சை வேறு பிரிவு செய்வது என்பதையும் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட எனக்குக் கிடைத்திருக்காது. உன்னை எங்கும் வைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

கையெழுத்தே, அன்றிரவு அம்மாவை நினைத்துக்கொண்டேன். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அம்மாவுக்குப் பேர் எழுதத் தெரியும், அழகாக எழுதுவாள். ஆனாலும் அந்தத் தாளில் அப்பா போட்டார், அதற்குக் கீழே பெரியப்பா சாட்சி போட்டார். ஏன் எடுத்தார்கள், எடுக்காமல் வேறு வழி இருந்ததா என்று வளர்ந்த பிறகு கேட்டேன். “என்னமோ கட்டின்னாங்க, எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல” என்றாள். அதே வார்த்தைதான் சாகும்வரை. உன்னைப் போலவே அம்மாவுக்கும் ஒரு கையெழுத்து இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. என் பேரை நான் கோட்டின்மேல் எழுதும் ஒவ்வொரு முறையும் அவள் எழுதாமல் விடப்பட்ட அந்த ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கையெழுத்தே, உனக்கு இந்த வலு தானாக வரவில்லை. உனக்காகப் பெண்கள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். 1908-இல் நியூயார்க்கில் மேரி ஷ்லோண்டார்ஃப் என்ற பெண், மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்தார். விழித்தபோது வயிற்றுக் கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். புத்தி தெளிவாக உள்ள எவருடைய உடம்பின் மேலும் முடிவெடுக்கும் உரிமை அவருக்கே உண்டு என்று 1914-இல் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். அந்த வழக்கில் மேரி தோற்றார், மருத்துவமனை பொறுப்பாகாது என்று ஆயிற்று. ஆனால் அந்தக் கருத்து தோற்கவில்லை. ஏறக்குறைய அதே சம்பவம் 1995 மே மாதம் டெல்லியில் நடந்தது. சமீரா கோலி என்ற 44 வயதுப் பெண் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-இல் அவர் புகாரைத் தள்ளியது. அவர் விடவில்லை. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு அவர் பக்கம் நின்றது. வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒருவருக்குப் பதிலாகத் தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. உயிரைக் காக்கவோ உடல்நலத்தைக் காக்கவோ அவசரம் இருந்தாலொழிய, இன்னொரு அறுவையைச் சேர்த்துச் செய்யக் கூடாது. என்ன செய்யப் போகிறார்கள், என்ன பலன், வேறு என்ன வழி உண்டு, பெரிய ஆபத்துகள் எவை, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

கையெழுத்தே, சமீரா கோலிக்கு அந்தத் தீர்ப்பில் கிடைத்த நஷ்டஈடு 25,000 ரூபாய். பதின்மூன்று வருடப் போராட்டத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் வாங்கியது தனக்காக மட்டுமில்லை. திருவேற்காட்டில் ஒரு பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு “அப்புறம் போடறேன்” என்று சொன்னபோது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றது. அதை நிற்கவைத்தவர் அவர். என் நன்றியில் அவருக்கும் பாதி உண்டு.

கையெழுத்தே, காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று கற்றுக்கொடுத்த ஒரு கண் டாக்டரையும் சொல்ல வேண்டும். ரத்தம் இறங்க வழியில்லாமல் தலைக்குள் அழுத்தம் ஏறினால், கண்ணின் பின்பக்கம் நரம்பு முனை வீங்கும். கவனிக்காமல் விட்டால் பார்வை போகும். அதனால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போனேன். 1819-இல் தொடங்கியது, உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்து, கண்ணை விரிய வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் இல்லை. “பார்வை மங்கினாலோ, இரண்டு இரண்டா தெரிஞ்சாலோ, கையெழுத்து அது இதுன்னு யோசிக்காம உடனே வந்துடணும்மா” என்றார் அந்த டாக்டர் அம்மா. சரியான பேச்சு. எனக்கு யோசிக்க நேரம் உண்டு என்பதை ஒரு மருத்துவர் சொன்ன பிறகுதான் நான் நேரம் எடுத்துக்கொண்டேன். என் நிலையில் இருக்கும் வேறொருவருக்கு அந்த நேரம் இல்லாமல் இருக்கலாம். அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கையெழுத்தே, என் ரிப்போர்ட்டுகளை என் கைக்குக் கொண்டுவந்ததும் நீதான். ஒரு மனு எழுதி, அடியில் உன்னை வைத்து, முதல் மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட நெறிமுறை. ஃபிலிம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகடும் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், ஏனென்றால் இந்த நோயில் எலும்பின் கோணத்தைக் கம்ப்யூட்டரில் சுழற்றிப் பார்க்க வேண்டும். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயம் சொல்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரில் அது தொங்குகிறது என்று நான் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். தொங்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் பேக்கேஜ் விளம்பரம்தான் தொங்குகிறது.

கையெழுத்தே, நம் ஊரைப் பற்றியும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தொட்டால், அந்த ஒரே சாலை மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்று போய், சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் கொண்டுவிடுகிறது. வழி நெடுக மருத்துவமனைகள், அரசினுடையதும் தனியாருடையதும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டாவது கருத்து என்பது வெளியூர் சமாச்சாரம் இல்லை. ஷேர் ஆட்டோவும் ஒரு பஸ்ஸும்தான். ஆனாலும் முதல் டாக்டர் மனம் நோவாரோ என்று போகாமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் என் டாக்டரிடமே சொல்லிவிட்டுத்தான் போனேன்: “சார், நீங்க சொன்னதை இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுட்டு வரேன்.” “தாராளமா” என்றார்.

கையெழுத்தே, எங்கள் அத்தையையும் இதில் சேர்க்காமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். “கருமாரிகிட்ட பூக்கட்டிப் பாத்துடலாம்” என்று அவர்தான் சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் சந்நிதியில் வைத்து, எதிரே விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. அத்தைக்கு அதுவே போதும். எனக்கும் மனதில் தைரியம் வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அத்தை பூப் பொட்டலத்தைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு முக்கியம். “அம்மா உத்தரவு குடுத்துட்டா. எங்க, யார்கிட்ட, எதை அறுக்கறதுன்னு அவ சொல்ல மாட்டா. அதை நீ கேட்டுக்கோ.” எண்பதை நெருங்கும் அந்த மனுஷி, இரண்டாவது டாக்டரைப் பார்க்கப் போன அன்று என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கையெழுத்தே, ஆசையிடமிருந்து என்னைக் காத்ததற்கும் உனக்கு நன்றி. வலியில் இருப்பவருக்கு, யாராவது “சரியாயிடும்” என்று சொன்னால் போதும், அந்த வாசலுக்கு ஓடத் தோன்றும். கழுத்துச் சிரைகளுக்கே அப்படி ஒரு கதை உண்டு. இத்தாலியில் ஃபெராரா பல்கலைக்கழகத்தின் பவோலோ சம்போனி, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குக் கழுத்துச் சிரைகளின் அடைப்பே காரணமாக இருக்கலாம் என்று 2009-இல் சொன்னார். அவருடைய மனைவிக்கே அந்த நோய் இருந்தது. சிரையைப் பலூன் வைத்து விரித்தால் விடுதலை என்று செய்தி பரவியது. கனடாவிலிருந்து நோயாளிகள் போலந்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும் மெக்சிகோவுக்கும் கைக்காசு போட்டுப் பறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் எச்சரிக்கை விட்டது. 2017-இல் கனடாவில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது: பாதிப் பேருக்கு உண்மையாகவே விரித்து, மீதிப் பேருக்கு விரித்ததுபோல் பாவனை செய்து பார்த்ததில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. அதே வருடம் சம்போனியின் சொந்த ஆய்வும் அதையே சொன்னது. என் நோய் அதுவல்ல. எலும்பு நசுக்குவது கண்ணால் பார்க்கக்கூடியது. ஆனாலும் அந்த நோயாளிகள் எனக்கு அந்நியர்கள் இல்லை. ஓடியது அவர்கள் குற்றமும் இல்லை. அவர்கள் கதையைப் படித்த பிறகு நான் போன ஒவ்வொரு அறையிலும் ஒரே கேள்வியை வைத்தேன்: “இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க டாக்டர்? ஒரு வருஷம் கழிச்சு அவங்க எப்படி இருக்காங்க?” ஒருவர் பேச்சை மாற்றினார். ஒருவர், “நான் செஞ்சது கொஞ்சம் பேருக்குத்தான். ரெண்டு பேருக்கு ஒண்ணும் மாறல” என்றார். இரண்டாமவரிடம்தான் சிகிச்சைக்குச் சேர்ந்தேன்.

கையெழுத்தே, நீ என் உடம்புக்காக இறங்கிய முதல் கோட்டுக்கு மேலே ஐந்து சொற்கள் எழுதினேன்: அழுத்தம் அளக்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதம். ஸ்கேன் ஒடுக்கத்தைக் காட்டும். அந்த ஒடுக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று காட்டாது. அதற்குத் தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துவரை அனுப்பி, நசுங்கிய இடத்துக்கு மேலும் கீழும் அழுத்தத்தை அளக்க வேண்டும். மயக்க மருந்து அழுத்தத்தையே மாற்றிவிடும் என்பதால் விழித்த நிலையில் செய்தார்கள். நேராகப் படுத்திருந்தபோது மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. “இப்ப வலது பக்கம் திரும்புங்கம்மா.” திரும்பினேன். திரையில் எண் ஏறியது, காதுக்குள் சத்தமும் ஏறியது. இரண்டும் ஒன்றாக ஏறியதைப் பார்த்த அந்த நிமிஷம், இது என் பிரமை இல்லை என்று முதல்முறையாக எனக்கு நிச்சயமாயிற்று. குழாய் உள்ளே இருக்கும்போதே அங்கே யாரும் ஸ்டென்ட் எடுக்கவில்லை. உன் தலைக்கு மேல் எழுதியிருந்ததை மதித்தார்கள்.

கையெழுத்தே, அதன் பிறகு தேர்ந்தெடுத்தோம், நானும் அந்த மருத்துவர்களும் சேர்ந்து. மண்டைக்குள் நீரழுத்தத்தைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை முதலில் சாப்பிட்டுப் பார்த்தேன். விரல் நுனி மரத்தது, தலைபாரம் கொஞ்சம் குறைந்தது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்தது எலும்பு. ஸ்டைலாய்டை வாய்க்குள் வழியாகவும் எடுக்கலாம், வெளியே தழும்பு தெரியாது, ஆனால் பார்வைக்குக் கிடைக்கும் இடம் குறைவு. தாடைக்குக் கீழே கழுத்தில் கீறி எடுத்தால் தழும்பு நிற்கும், நரம்புகளையும் சிரையையும் நேராகப் பார்க்கலாம். நான் தழும்பைத் தேர்ந்தெடுத்தேன். முகத்தை அசைக்கும் நரம்பு ஸ்டைலாய்டின் வேருக்குப் பக்கத்திலேயே வெளியே வருகிறது; தோளைத் தூக்கும் நரம்பு அட்லஸ் முனைக்கு அருகில் சிரையைத் தாண்டிப் போகிறது; விழுங்குவதற்கும் பேசுவதற்குமான நரம்புகளும் அங்கேயே. இவற்றில் எது பழுதானால் என்ன ஆகும் என்று டாக்டர் என் கையிலேயே படம் வரைந்து காட்டினார். “தேவைப்பட்டா அட்லஸ் முனையையும் கொஞ்சம் எடுப்போம்” என்றார். எப்போது தேவைப்படும் என்று கேட்டேன். ஸ்டைலாய்டை எடுத்த பிறகும் சிரை விரியாமல் கிடந்தால் என்றார். அதைப் படிவத்தில் எழுதச் சொன்னேன், எழுதினார். அதே மயக்கத்தில் ஸ்டென்ட் வேண்டாம் என்பதையும் எழுதினோம். செலவின் மதிப்பீட்டைத் தனித்தாளில் வாங்கினேன். எல்லாம் முடிந்த பிறகு நீ இறங்கினாய், தமிழில், முழுப் பேரோடு. என் கணவர் பக்கத்துக் கோட்டில், சாட்சியாக.

கையெழுத்தே, விழித்தபோது வாயின் வலது ஓரம் சற்றுக் கோணியிருந்தது. சில வாரங்களுக்கு அப்படி இருக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை, என் மகள்தான் பதறினாள். சொன்னபடியே சரியாயிற்று. சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. தலைபாரம் சில காலைகளில் இன்னும் வருகிறது. முழுவதும் குணம் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, அதனால் கிடைத்தது எனக்குப் பெரியதாகவே இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு ஏற்ற குறையோடு வாழ்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

கையெழுத்தே, உன் வேலை முடியவில்லை. இடது பக்கச் சிரையும் ஒடுங்கித் தெரிகிறது என்று போன ரிவ்யூவில் சொன்னார்கள். “இந்தப் பக்கம் எலும்பு அவ்வளவா இல்ல, ஸ்டென்ட் யோசிக்கலாம்” என்று படிவத்தை ஃபைலில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எலும்பு நசுக்காத இடத்தில் ஸ்டென்ட் தாங்கலாம், அதைக் கேட்காமல் தள்ளிவிடவும் மாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தில் எனக்குச் சத்தமே இல்லையே, படத்தில் மட்டும் தெரியும் ஒடுக்கத்துக்கு நான் ஏன் மருந்தும் ஸ்டென்ட்டும் சுமக்க வேண்டும் என்று கேட்டேன். அழுத்தத்தை அளந்து காட்டும்வரை போடமாட்டேன் என்றும் சொன்னேன். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தை மறுபடி சுழற்றிப் பார்த்தார். “நியாயம்தாம்மா. ஆறு மாசம் ஒண்ணும் பண்ண வேண்டாம், கண்ணை மட்டும் செக் பண்ணிட்டு வாங்க” என்றார்.

இப்படிக்கு,
உன்னை எழுதுபவள்,
திருவேற்காடு.